லிஃப்டில் ஏறாதவர்களும் வீட்டுக்குப் போகாதவளும்

பிப்ரவரி 4

சின்னவளுக்கு,

நீ விடாமல் கூப்பிடுகிறாய், நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கமாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நல்லவிதமாகத்தான் பேசிக்கொண்டிருந்தாய். "இரு அக்கா, ஒரு நிமிஷம்" என்றாய். அடுத்து வந்த குரல் தம்பியுடையது. "அக்கா, நான்தான்" என்கிறான். கையிலிருந்த ரெக்சினைக் கீழே போட்டுவிட்டு போனை அணைத்தேன். உன்னை நம்பி எடுத்த போனில் அவனைக் கொண்டுவந்து நிறுத்தினாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா? இனி நமக்குள் கடிதம்தான். கடிதத்தில் நடுவே யாரும் புகுந்து "நான்தான்" என்று சொல்ல முடியாது.

அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான், வீட்டை விற்றுவிட்டான், ஏப்ரலில் மகள் இருக்கும் நாட்டுக்கே குடிபோகிறான், இனி இந்தப் பக்கம் வரமாட்டான். எல்லாம் தெரியும். நீதான் பாட்டாகப் பாடிவிட்டாயே. நல்லபடியாகப் போகட்டும். அவன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று நான் சொல்லி ஒன்பது வருஷமாகிறது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோதே போகாதவள், அவர் போன பிறகா போகப்போகிறேன்?

எனக்கு வேலை இருக்கிறது. லாரி ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்தத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சீட் உறை தைத்துக்கொண்டிருக்கிறேன். மெஷின் ஊசி ரெக்சினுக்குள் இறங்குகிற சத்தத்தில் மற்ற எதுவும் காதில் விழாது. அதுவும் நல்லதுதான்.

உன் மகன் ஒரு விஷயம் சொன்னான். நீ ஆறு மாடியும் படியேறித்தான் வீட்டுக்குப் போகிறாயாமே? அன்றைக்குப் போனில் உனக்கு மூச்சு வாங்கியது. தம்பியைப் பிடித்துக் கொடுக்கிற பதற்றம் என்று நினைத்தேன். உன் முழங்காலுக்கு இது தேவையா? அந்த லிஃப்ட் உன்னை என்ன செய்தது?

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

போனைக் கொடுத்தது தப்புதான். மன்னிப்பு கேட்கிறேன். ஆனால் அவன் என் எதிரில் உட்கார்ந்து, "ஒரு தடவை குடுக்கா, குரலையாவது கேக்கறேன்" என்று கெஞ்சினால் நான் கல்லா மண்ணா? இதற்கு மேல் மன்னிப்பு என்னிடம் இல்லை.

லிஃப்ட் கதையைக் கேள். போன மாதம் எங்கள் குடியிருப்பில், கீழே லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். வீட்டு வேலைக்கும் துப்புரவுக்கும் வருகிறவர்கள் இனி லிஃப்டில் ஏறக்கூடாது, படிகளைத்தான் பயன்படுத்த வேண்டும், துர்நாற்றம் பற்றிப் புகார்கள் வந்திருக்கின்றன என்று. கீழே சங்கச் செயலாளரின் கையெழுத்து. நாற்றமாம்! காலையில் நம் வீட்டுக் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது அவர்கள். அந்தப் பை நாறாமல் மணக்குமா?

என் வீட்டுக்கு வருகிற சிட்டுவை உனக்குத் தெரியும். மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். ஆறாவது மாடி முடித்து இரண்டாவதுக்கு இறங்கி, மறுபடி ஏழாவதுக்கு ஏறுகிறாள். நாற்பது வயதில் அவளுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து கத்தினேன். செயலாளருக்குக் கோபமே வராது, அதுதான் அவரிடம் இருக்கிற கஷ்டம். எதைச் சொன்னாலும் தலையாட்டிச் சிரிப்பார். "உங்க உணர்வ மதிக்கறோம் மேடம், ஆனா பெரும்பான்மை..." என்றார்.

அன்று சாயங்காலமே நாங்கள் சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து முடிவெடுத்தோம். அவர்கள் ஏற முடியாத லிஃப்டில் நாங்களும் ஏறமாட்டோம். புறக்கணிப்பு. எனக்கு இது புதிதல்ல, நீயே சிரிப்பாய், "யூனியன் புத்தி போகாது உனக்கு" என்று. பேங்கில் இருந்தபோது கேன்டீன்காரன் பழைய டீத்தூளையே திரும்பத் திரும்பக் கொதிக்கவைத்து ஊற்றிக்கொண்டிருந்தான் என்று எல்லோரும் வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்தோம். ஒரே வாரத்தில் வழிக்கு வந்தான். கத்த வேண்டாம், கல்லெறிய வேண்டாம். உன் பக்கம் வரமாட்டேன் என்று சொன்னால் போதும்.

சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீ செய்வதும் அதுதானே அக்கா? ஒன்பது வருஷமாகத் தம்பி வீட்டைப் புறக்கணிக்கிறாய். எதற்காக என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அம்மாவின் சங்கிலி தனக்கு வந்ததுதான் காரணம் என்று நினைத்து உனக்கு அனுப்பினான். பார்சலைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாய். எங்கள் புறக்கணிப்புக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது: அந்த அறிவிப்பைக் கிழி. உன்னுடைய கோரிக்கை என்ன? "அக்காவுக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லச் சொல்லு, செஞ்சிடறேன்" என்கிறான். ஏப்ரல் ஒன்பதாம் தேதி விமானம்.

உன் தங்கை


பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

எனக்கு ஒன்றும் வேண்டாம். ஒன்றும் வேண்டாதவளுக்குக் கோரிக்கை எதற்கு? நான் கொடிபிடிக்கவில்லை, கூட்டம் போடவில்லை. போகப் பிடிக்கவில்லை, போகவில்லை. அதற்கு நீயாக ஒரு பெரிய பேர் வைத்து என்னையும் உன் சங்கத்தில் சேர்க்காதே.

சங்கிலிக்காக நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன் என்று அவன் நினைத்தான் பார், அந்த நினைப்புக்கே இன்னும் ஒன்பது வருஷம் போகாமல் இருக்கலாம்.

உன் படி விஷயம். உங்கள் கேன்டீன்காரனுக்கு நீங்கள் குடிக்காவிட்டால் பால் வீணாகும், அடுப்பு வீணாகும். அவன் வந்துதான் ஆக வேண்டும். நீ மூச்சிரைக்கப் படியேறினால் அந்தச் செயலாளருக்கு என்னடி நஷ்டம்? லிஃப்ட் என்ன, "இந்தம்மா வரலையே" என்று ஏங்கிப் போய்விடுமா? அவர் பாட்டுக்குக் காலியான லிஃப்டில் ஜம்மென்று போய்க்கொண்டிருப்பார்.

ஸ்டாண்டில் ஒரு டிரைவர் வந்து, "சீட்டு குத்துதுக்கா" என்று புலம்புகிறான். உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, மேலே எத்தனை உறை மாற்றினாலும் குத்தத்தான் செய்யும் என்று சொன்னால் கேட்பேனா என்கிறான். போய்ப் பிரித்துக் காட்ட வேண்டும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயில் சர்க்கரை போட வேண்டுமா, மிளகாய் போட வேண்டுமா என்று தெரியவில்லை. நீ சொன்னது அப்படியே நடந்தது.

திங்கட்கிழமை கீழே புதிதாக ஒரு அறிவிப்பு. வண்ணத் தாளில், ஓரத்தில் பூப்போட்டு. "படியேறும் ஆரோக்கியமான பழக்கத்தை மேற்கொண்டுள்ள குடியிருப்போருக்குச் சங்கத்தின் பாராட்டுகள். இதனால் லிஃப்டின் மின்செலவு குறைந்துள்ளது. மற்றவர்களும் பின்பற்றலாம்." அக்கா, எனக்கு அப்படியே ரத்தம் கொதித்தது. நாங்கள் போராடுகிறோம், அவர் கைதட்டுகிறார்! நேரில் பார்த்தபோதும் அதே சிரிப்பு. "கால் வலி எப்படி இருக்கு மேடம்? மெதுவா ஏறுங்க, அவசரமே இல்ல" என்றார்.

எங்கள் கூட்டமும் கரைகிறது. ஐந்தாம் மாடிப் பல் டாக்டர்தான் முதல் நாள் பெரிய பேச்சுப் பேசினார். நேற்று விடிகாலையில் நான் நடைக்கு இறங்கும்போது லிஃப்ட் கதவு திறக்கிறது, உள்ளே அவர், கையில் பூனைக்கூண்டோடு. என்னைப் பார்த்ததும், "பூனைக்கு உடம்பு சரியில்லைங்க" என்றார். பூனை நன்றாகத்தான் என்னை முறைத்தது.

ஆனால் இவை எல்லாம் பெரிதில்லை. இன்று நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. மத்தியானம் கையில் பையோடு ஏறி வருகிறேன். நாலாவது மாடித் திருப்பத்தில் ஜன்னல் ஓரமாக சிட்டுவும் இன்னும் மூன்று பெண்களும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் டப்பாவை மூடி, எழுந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். நான் வழக்கம்போல, "உங்களுக்காகத்தான் ஏறிட்டிருக்கோம், விடமாட்டோம்" என்று மூச்சுவாங்கிக்கொண்டே சொன்னேன். சிட்டு பொறுமையெல்லாம் தீர்ந்துபோன குரலில் சொன்னாள்: "அம்மா, நாங்க உக்கார்றதுக்கு இந்தக் கட்டடத்துல இருக்கறதே இந்தத் திருப்பம் ஒண்ணுதான். இத்தனை நாளு இங்க யாரும் வரமாட்டாங்க. ரெண்டு வாய் நிம்மதியா சாப்பிடுவோம், உங்களையெல்லாம் பத்திப் பேசிச் சிரிப்போம். இப்ப என்னடான்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தர் வர்றீங்க. ஒவ்வொரு தடவையும் எழுந்து நிக்கவேண்டியதா இருக்கு. நீங்க லிஃப்ட்லயே போயிடுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

மற்ற மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். நான் மீதி இரண்டு மாடியும் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்காதே.

தம்பி சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். நேற்றுப் போயிருந்தேன். ஹாலில் நாற்காலிகூட இல்லை. பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்தோம். "அக்கா கடிதத்துல என்ன எழுதினா?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன்.

உன் தங்கை


மார்ச் 4

சின்னவளுக்கு,

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் ஓடிவந்து, "என்னக்கா ஆச்சு?" என்றான். "என் தங்கச்சி ஊருக்கெல்லாம் நல்லது பண்றேன்னு போய், நாலு பேரோட சோத்துல மண்ணப் போட்டுட்டா" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, அவனும் சேர்ந்து சிரித்தான். கோபித்துக்கொள்ளாதே. சிரித்து நாளாகிவிட்டது.

பெட்டி மேல் உட்கார்ந்து டீ குடித்தான் என்று எழுதியிருக்கிறாய். அவன் சின்ன வயதிலும் அப்படித்தான், எங்காவது ஏறி உட்கார்ந்துதான் எதையும் குடிப்பான். இதையெல்லாம் எனக்கு ஏன் எழுதுகிறாய்? என் மனதைக் கரைக்கவென்றே எழுதுகிறாய்.

நீ கேட்ட கேள்வியை நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன். என்ன வேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொன்னால்தான் அவனுக்குத் தெரியணுமா? கூடப் பிறந்தவன் தானே? தானாகத் தெரிந்தால்தான் அதற்கு மதிப்பு. சொல்லி வாங்குவது எனக்கு எதற்கு?

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெயித்தாயிற்று! நான் இல்லை, அவர்கள்.

படியில் மூக்கறுபட்ட மறுநாள் நான் லிஃப்டில் ஏறினேன். வெட்கமாகத்தான் இருந்தது. சிட்டு வேலைக்கு வந்தபோது கேட்டேன்: "சரி, நாங்க ஏறலை. நீங்க என்ன பண்ணப்போறீங்க?" "என்ன பண்றது? வேலைக்கு வராம இருக்க முடியுமா? ஒரு நாள் நின்னா மறுநாள் வேற ஆள் வந்துருவா" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அந்த நாலாவது மாடித் திருப்பத்தில் அவர்கள் என்ன பேசினார்களோ, எப்படிச் சண்டைபோட்டார்களோ, எனக்குத் தெரியாது. மூன்றாம் மாடியில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பெண் பயந்து அழுதாளாம், அவளைச் சமாதானம் செய்யவே இரண்டு நாளாயிற்றாம். அவ்வளவுதான் தெரியும்.

அதற்கடுத்த திங்கட்கிழமை எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள். பெருக்கினார்கள், துடைத்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள். முடித்துவிட்டு, குப்பைப் பையைக் கட்டி அடுக்களை ஓரமாக வைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். குப்பையைக் கீழே கொண்டுபோவது வேலையில் சேராது. யாரும் பேசி வைத்ததில்லை. லிஃப்டில் போகிற வழியில் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான். படியில் இறங்குகிறவளுக்குச் சுமை எதற்கு?

இப்போது நினைத்துப் பார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் குப்பையை அவரவர் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எதில் இறங்குவார்கள்? லிஃப்டில்! ஆபீஸ் போகிற அவசரத்தில் ஒரு கையில் மடிக்கணினிப் பை, இன்னொரு கையில் ஒழுகுகிற மீன் பை. பழக்கமில்லாத கைகள் வேறு. ஒருவர் பையைச் சரியாகக் கட்டாமல் ஐந்தாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் கொட்டிவிட்டார். அதைத் துடைக்கக் கூப்பிட்டால், காவலாளி, "லிஃப்டு துடைக்கிற பொண்ணுக்கு உள்ள வர அனுமதி இல்லைங்களே, அறிவிப்பு ஒட்டியிருக்கீங்களே" என்று பணிவாகச் சொன்னான். எங்கள் லிஃப்ட் நிஜமாகவே நாற ஆரம்பித்தது. கண்ணாடியெல்லாம் ஈ.

செயலாளரை லிஃப்டுக்குள் பார்த்தேன். முதல் தடவையாக முகத்தில் சிரிப்பு இல்லை. பையை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்திருந்தார். புது வெள்ளைச் சட்டை. எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட வந்தது, ஆனால் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் சிட்டு அவர் வீட்டு வாசலில் நின்று ஒரே வரி சொன்னாளாம்: "லிஃப்டு விட்டா குப்பை எடுக்கறோம் சார்." சனிக்கிழமை அறிவிப்பைக் காணோம். கிழித்த இடத்தில் பசை மட்டும் இருக்கிறது. இன்று காலை சிட்டு லிஃப்டில் வந்தாள். வந்ததும் என் குப்பைப் பையைத் தூக்கிப் பார்த்து, "இந்த வீட்டுல என்னம்மா இவ்வளவு குப்பை?" என்று திட்டினாள்.

இத்தனை வருஷம் யூனியனில் இருந்துவிட்டு இப்போது யோசிக்கிறேன். நான் படியேறியது எனக்காகத்தான். நான் நல்லவள் என்று எனக்கே காட்டிக்கொள்ள. அவர்கள் செய்தது வேறு. எதிராளிக்கு எது தேவையோ, அதே சமயம் தங்களுக்கு எதை விட்டால் சோறு போகாதோ, அதைத் தேடிப்பிடித்து நிறுத்தினார்கள். அதைவிட முக்கியம், என்ன செய்தால் மறுபடி எடுப்போம் என்று சொன்னார்கள். அந்தச் செயலாளருக்குத் திரும்பி வர ஒரு கதவைத் திறந்துவைத்தார்கள். அது இல்லாவிட்டால் அவர் பாவம் என்ன செய்திருப்பார்? குப்பையைத் தூக்கிக்கொண்டே வீம்பு பிடித்திருப்பார்.

அக்கா, நீ எந்தக் கதவையும் திறந்துவைக்கவில்லை. தம்பி சங்கிலியை அனுப்புகிறான், என்னிடம் கெஞ்சுகிறான், போனில் "நான்தான்" என்கிறான். இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டிருக்கிறான். தானாகத் தெரியணும் என்கிறாய். தெரியாமலே விமானம் ஏறிவிட்டால்? அதற்குப் பிறகு நீ யார் வீட்டுக்குப் போகாமல் இருப்பாய்?

உன் தங்கை


மார்ச் 20

சின்னவளே,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் மெஷினில் உட்காரவில்லை.

சரி, சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி ஆற்றுப் பாலத்தைக் கட்டி முடித்த வருஷம். பெரிய இன்ஜினியர் என்று பேர் வந்து, புது வீடு வாங்கி, எல்லோரையும் கூப்பிட்டான். உனக்கு அப்போது ஆபரேஷன் ஆகியிருந்தது, நீ வரவில்லை. என் வீட்டுக்காரர் அன்றுதான் தூர லோடு இறக்கிவிட்டு வந்தார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தால் நேரமாகிவிடும், மச்சினன் கோபித்துக்கொள்வான் என்று, லாரியை ஓரங்கட்டிவிட்டு, போட்டிருந்த டிரைவர் சட்டையோடு நேராக அங்கே வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நம் வீட்டு விசேஷம் என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

தம்பியின் மேலதிகாரிகள் வந்தார்கள். அதில் ஒருவர் இவரைக் காட்டி, "இவர் யாரு?" என்று கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறேன். தம்பி இவரைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான். "நம்ம டிரைவர் சார்" என்றான்.

அந்த ஆள் உடனே கார் சாவியை எடுத்து இவரிடம் நீட்டி, "வண்டிய கொஞ்சம் நிழல்ல போட்டுடுப்பா" என்றார். இவர் ஒரு நொடி தம்பியைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இவர் சாவியை வாங்கிக்கொண்டு போய், வண்டியை நிழலில் விட்டுவிட்டு, திரும்பி வந்து சாவியைக் கொடுத்தார். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில், "பெரிய வண்டி ஓட்டற கைக்கு அந்தச் சின்ன ஸ்டியரிங் அடங்கவே இல்ல போ" என்று கேலி வேறு. அன்றைக்கு முடிவு செய்தேன், அந்த வாசலை மிதிப்பதில்லை என்று. அவரையும் போகவிடவில்லை.

டிரைவர் என்பது கெட்ட வார்த்தை இல்லை. அந்தத் தொழிலில்தான் நான் சாப்பிட்டேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். "எங்க அத்தான் சார், லாரி ஓட்டறார்" என்று சொல்லியிருந்தால் பெருமையாக நின்றிருப்பேன். அவன் அத்தானை மறைத்தான். அதுதான் பொறுக்கவில்லை.

கோரிக்கை கேட்டாயே, எழுதிக்கொள். அவன் என் வீட்டுக்கு வரட்டும். காரில் வாசல்வரை வந்து இறங்கக்கூடாது. லாரி ஸ்டாண்டில் இறங்க வேண்டும். அங்கே என் வீட்டுக்காரருக்கு "ஹாரன்" என்றுதான் பேர். சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. "ஹாரன் வீடு எது?" என்று நாலு பேர் நடுவில் நின்று கேட்க வேண்டும். நீங்க யாரு என்று கேட்பார்கள். என்ன உறவு என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நடந்து வரட்டும். கதவைத் திறக்கிறேன்.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே, "போதும், மீதி எனக்குத் தெரியும்" என்றான்.

ஞாபகம் இருக்கிறது அக்கா, அவனுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. "அத்தான் சிரிச்சதால சரியாப் போச்சுன்னு நெனச்சேன். அக்கா வராம இருந்தப்பவே புரிஞ்சுது. ஆனா சங்கிலி அனுப்பறது சுலபமா இருந்துச்சு, சொல்றது கஷ்டமா இருந்துச்சு" என்றான். அப்புறம் சாமான் கட்டின கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு அறை கொடுத்திருப்பேன். தைரியம் வரவில்லை, அவன் முகம் அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறான். தனியாக. நான் கூட வரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றான்.

உன் தங்கை


ஏப்ரல் 1

சின்னவளே,

வந்தான். எப்படி வந்தான் என்று சொல்கிறேன்.

காலையிலிருந்தே கொட்டகையில் உட்கார்ந்துகொண்டேன். எதிர்கொண்டு போய் அழைக்கிற எண்ணமே இல்லை. அவன்தான் என் வாசலுக்கு நடந்து வர வேண்டும் என்று இருந்தேன். மத்தியானம் மெக்கானிக் ஓடிவருகிறான். "அக்கா, உங்க வீட்டைக் கேட்டு ஒருத்தர் வந்தாரு. நம்ம பெஞ்சுல உக்காந்தவரு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. தேம்பித் தேம்பி அழறாருக்கா."

"அவனை என்னடா பண்ணீங்க?" என்றேன்.

"நாங்க ஒண்ணும் பண்ணலக்கா! 'ஹாரன் வீடு எது'ன்னு கேட்டாரு. நீங்க யாருன்னு கேட்டேன். 'நான் ஹாரனோட மச்சினன். அவர் எனக்கு அத்தான்'னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொன்னாரு. 'அட, பாலத்து மச்சினனா நீங்க? வாங்க வாங்க'ன்னு எல்லாரும் கையப் புடிச்சோம். அவ்வளவுதான், உக்காந்துட்டாரு."

"அது என்னடா பாலத்து மச்சினன்?" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "உங்களுக்குத் தெரியாதாக்கா? அந்த ஆத்துப் பாலத்துல ஏறும்போதெல்லாம் அவர் ஹாரன நீளமா அடிச்சிட்டு, கிளீனர்கிட்ட 'இது என் மச்சினன் கட்டினது'ன்னு சொல்லுவாரே. போகும்போது ஒரு தடவ, வரும்போது ஒரு தடவ. கடைசி ட்ரிப் வரைக்கும் அடிச்சாரு. அதனாலதானே அவருக்கு அந்தப் பேரே வந்துச்சு. இப்பவும் நம்ம ஸ்டாண்டு வண்டி எதுவும் அங்க ஹாரன் அடிக்காம போகாது."

கடைசி ட்ரிப் வரைக்கும் என்றான். அந்தச் சாவி நீட்டின நாளுக்குப் பிறகு அவர் ஐந்து வருஷம் இருந்தார்.

நான் செருப்பைக்கூட மாட்டாமல் போனேன். பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். டிரைவர்கள் சுற்றி நின்று டீயை நீட்டிக்கொண்டிருந்தார்கள், வாங்கத் தெரியாமல் இருந்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கு, அதை நீ எழுதவே இல்லையே. "எந்திரிடா, வீட்டுக்கு வா" என்றேன். நான்தான் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். சாப்பிட்டான். அவருடைய படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றான். போகும்போது, "அத்தான் எங்க வீட்டுக்கு வரணும்னு எப்பவாவது சொன்னாராக்கா?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு தடவை சொன்னார். அவர் உடம்புக்கு முடியாமல் போவதற்கு முந்தைய வருஷம், ஒரு சாயங்காலம், இந்தக் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "மச்சினன் வீட்டுப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வரலாமா?" என்றார். நான் மெஷினை நிறுத்தாமலே, "உங்களுக்கு ரோஷமே கிடையாதா?" என்று கேட்டேன். சிரித்தார். அப்புறம் கேட்கவே இல்லை.

எனக்காகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன், சின்னவளே. அவருக்குப் போகணும் என்று இருந்திருக்கிறது.

அக்கா